நாலு விரல் கோணல்

மாஹ்பேகம் இரும்புச் சீப்பை ஓங்கி அடித்த அடியில், கூடாரத்துக்கு வெளியே கட்டியிருந்த கழுதை மிரண்டது.

பாரசீக மலைகளில் கோடைக்கு மேலே ஏறி, குளிருக்குக் கீழே இறங்கும் ஆட்டிடையர் கூட்டம் அது. அவர்கள் தறி தரையோடு கிடக்கும். முளையடித்து, நெடுக்கு நூலான பாவை இழுத்துக் கட்டி, இரண்டு பெண்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து கம்பளி இழையில் முடிச்சுப் போடுவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கு நூலான ஊடையைக் கொடுத்து, அவரவர் பாதியை அவரவர் சீப்பால் அடித்து இறுக்குவார்கள்.

வலப்பக்கம் மாஹ்பேகம். இடப்பக்கம் அவள் கொழுந்தன் மனைவி குல்நார். ஐந்து மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

வசந்தத்தில் ஆற்றைக் கடந்தபோது மாஹ்பேகத்தின் ஒரே மகன் பைராம், ஆட்டுத்தோல் மிதவையில் ஏறினான். இந்தக் கரையில் நின்று மிதவையின் கயிற்றைப் பிடித்திருந்தவள் குல்நார். மாஹ்பேகம் எதிர்க்கரையில் மகனுக்காகக் காத்திருந்தாள். கயிறு குல்நாரின் கையை விட்டுப் போனது. பைராமும் போனான்.

உடல் கிடைக்கவில்லை. அவன் கல்யாணத்துக்கென்று இரண்டு பெண்களும் தொடங்கிய விரிப்பு மட்டும் தறியில் பாதியாகக் கிடந்தது. அதை முடித்து, முன்னோர் கல்லறைகளுக்கு நடுவே அவனுக்கென்று விரிப்பதாக மாஹ்பேகம் சபதம் செய்திருந்தாள். பாவு கட்டிய இருவரே விரிப்பை முடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆளை மாற்ற வேண்டுமானால் உஸ்தாத் துர்னா சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கைகெட்டவளின் பக்கத்தில் உட்கார அவளுக்கென்ன தலையெழுத்தா?

துர்னா மாஹ்பேகத்தைவிட எட்டு வயது இளையவள். ஆனாலும் கூட்டத்தின் விரிப்புக் கோலமெல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது. தறிக்கு முன்னால் அவள்தான் குரு.

அன்று துர்னா ஒரு கயிற்றோடு வந்து, விரிப்பின் இரண்டு ஓரங்களையும் அளந்தாள். மாஹ்பேகம் அடித்து இறுக்கிய வலப்பக்கம் நாலு விரல் குட்டையாக இருந்தது.

"கோணிப்போச்சு" என்றாள்.

மாஹ்பேகத்துக்கு அது போதும். "பாத்தீங்களா? அவ பக்கம் தொளதொளன்னு கிடக்கு. அவளை எழுப்புங்க உஸ்தாத்."

"எழுப்பி?"

"எங்கேயாவது போய்த் தொலையட்டும். என் புள்ளைக்கு இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் கெடுக்கணுமா இவ?"

துர்னா அளந்த கயிற்றை நிதானமாகச் சுருட்டினாள். அந்த நிதானம் மாஹ்பேகத்தை இன்னும் எரித்தது. பொறுத்துக்கொள் என்று கூட்டத்தில் சொல்லாத வாய் கிடையாது. அத்தனை வாயையும் கம்பளி ஊசியால் தைக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"நீங்களும் கோபத்தை விடுன்னு சொல்லப்போறீங்க. அவ்வளவுதானே? சொல்லுங்க, கேட்டுத் தொலைக்கிறேன்."

துர்னா அவள் கையிலிருந்த இரும்புச் சீப்பை வாங்கி, குல்நாரின் முன்னால் வைத்தாள்.

"நீயும் இவளை மாதிரி அடி."

குல்நார் தலை நிமிரவில்லை. "என்னால முடியாது உஸ்தாத்."

"அடி."

குல்நார் சீப்பைத் தூக்கினாள். அது நழுவிப் பாவின்மேல் விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது.

மாஹ்பேகம் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "பிடிக்கத் துப்பில்லாதவ. அன்னிக்குக் கயித்தையும் இப்படித்தான்..."

அங்கேயே நின்றது பேச்சு. சாயம் காய்ச்சியபோது சுட்டது என்று சொல்லி குல்நார் உள்ளங்கைகளில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது.

ஒரு கையில் கட்டைவிரலின் அடியிலிருந்து சுண்டுவிரல்வரை சதையே இல்லை. விரல் நுழையும் அகலத்துக்குப் பள்ளம். இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றிருந்தன. மற்றக் கையும் அப்படித்தான். கயிற்றை விட்டவள் கையில் அந்தத் தடம் விழாது. கயிற்றின் கடைசி முனை உருவிக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தவள் கையில்தான் விழும். ஆற்றைக் கடக்கும் கூட்டத்தில் அதை யாரும் மாஹ்பேகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்து மாதம் நுனிவிரலால் முடிச்சுப் போட்டு, சின்ன மரச்சீப்பால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் மாஹ்பேகம் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா பைராம் வந்துடுவானாக்கா?"

மாஹ்பேகம் எழுந்தாள். தறியின் முளையை ஓங்கி உதைத்தாள். முளை பிடுங்கிக்கொண்டு போய் விழ, பாவு தளர்ந்தது.

"அப்ப என் கோபத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? இத்தனை நாள் இவளாவது இருந்தா. இப்ப இவளும் இல்லேன்னா? சொல்லுங்க உஸ்தாத், எங்க கொட்டுறது?"

அவள் குரல் கேட்டு வெளியே ஆடுகள் கலைந்தன.

துர்னா முளையை எடுத்து வந்து அதே குழியில் நட்டாள். கல்லால் அடித்து இறுக்கினாள். பாவைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இரும்புச் சீப்பைத் தூசி தட்டி, தறியின் நட்டநடுவில் வைத்தாள்.

"குல்நார் முடிச்சுப் போடட்டும். நீ நடுவுல உக்காரு. ரெண்டு பக்கமும் நீயே அடி."