குக்குறுவானின் பொந்தும் எருமையின் சேறும்

காட்டுக் குளத்தின் கரையில், பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்றில், மரகதம் என்ற குக்குறுவான் பறவையும் அதன் கணவன் சோலையனும் பொந்து குடைந்து குடியிருந்தன. அலகு வலிக்க வலிக்கக் கொத்திய பொந்து அது. உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன.

பக்கத்து மரத்து மைனா சிங்காரம் தினமும் வந்து வாசலில் தலையை நீட்டிப் பார்க்கும். ஒருநாள் கேட்டே விட்டது.

"நல்ல காத்தோட்டமா இருக்கு, அக்கா. எப்போ காலி பண்றீங்க?"

மரகதத்துக்குப் பதறியது. போன கோடையிலும் இப்படித்தான் நடந்தது. மைனாக்கள் முட்டைகளைக் கீழே தள்ளிவிட்டுப் பொந்தில் குடியேறிவிட்டன. நியாயம் கேட்டபோது, "கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டன. சட்டம் இல்லை என்பது உண்மைதான்.

ஆகவே மரகதம் சட்டம் கேட்கக் கிளம்பியது. அதன் குடும்பத்தில் அதுவரை யாரும் விலங்குகளின் சபைக்குப் போனதில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், ஆலமரத்து உச்சியில் உட்கார்ந்து பகல் முழுவதும் கத்தியது.

"குஞ்சு பறக்கும்வரை பொந்தைப் பிடுங்கக் கூடாது! குஞ்சு பறக்கும்வரை பொந்தைப் பிடுங்கக் கூடாது!"

கீழே படுத்திருந்த மான்கள், குக்குறுவான் கத்துகிறது, வெயில் காலம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டன.

பிறகு மரகதம் இறங்கிவந்து சபை உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. சட்டம் வந்தபிறகு முட்டையிட்டிருக்கலாமே என்றது மான். சபைத் தலைவியான யானை, மழைக்காலம் கழித்துப் பார்க்கலாம் என்றது. அதற்குள் முட்டைகள் என்ன ஆகும் என்று மரகதம் கேட்டது. அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்று சொல்லிவிட்டு யானை காதை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

எருமை பெரியகொம்பன் மட்டும் பொறுமையாகக் கேட்டது. முழுவதும் கேட்டு முடித்தபிறகு, "அது சரி, வீடுன்னா என்ன?" என்றது.

மரகதம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வெயில் படாது, மழை படாது, முட்டை பத்திரமாக இருக்கும் என்று விளக்கியது.

"நனைஞ்சா காஞ்சுடப் போகுது. இதுக்குப் போய் சட்டமா?" என்றது எருமை.

அதன் முதுகில் சிங்காரம் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. மரகதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகும் அந்தக் காதுக்குப் பக்கத்தில், சிங்காரம் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

கடைசியில், தொல்லை தாங்காமல் யானை சபையைக் கூட்டச் சம்மதித்தது. மரகதம் பொந்தில் வாழும் எல்லோரையும் கூப்பிட்டது. ஆந்தை, பகலில் தனக்குக் கண் கூசும் என்று மறுத்தது. கிளி தன் கிளையைவிட்டு அசையவில்லை.

"உன் புருஷன் வீட்டுல சொகுசா உட்கார்ந்திருப்பான், நாங்க வந்து வெயில்ல கத்தணுமாடி?" என்றது கிளி.

சோலையன் முட்டைகளுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று மரகதம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. கிளி கேட்கவில்லை. வேறு வழியில்லாமல், கொஞ்ச நேரம்தானே என்று சோலையனும் கிளம்பி வந்தது. அதன்பிறகே கிளியும் அதன் சொந்தங்களும் வந்தன.

சபை குளக்கரையில் கூடியது. மரகதம் தன் ஒரே கோரிக்கையைச் சொன்னது. குஞ்சு பறக்கும்வரை பொந்தைப் பிடுங்கக் கூடாது. அவ்வளவுதான். உடனே எருமை முன்னால் வந்தது.

"இதையே இன்னும் சுருக்கமாச் சொல்லலாம். ஒரு இடத்துல இப்போ யாரு இருக்காங்களோ, அந்த இடம் அவங்களுக்கே சொந்தம். இதுதான் சட்டம்."

கேட்க நன்றாக இருந்தது. மான்கள் தலையாட்டின. கிளிக்கூட்டம், நம் வீடு நமக்கே என்று சிறகடித்துக் கூவியது. மரகதத்துக்கு மட்டும் ஏதோ இடித்தது. எருமையின் முதுகைப் பார்த்தது. சிங்காரம் இருந்தது. எப்போதும் அதனோடு ஒட்டிக்கொண்டே திரியும் அதன் மனைவி சொர்ணத்தைக் காணோம்.

"இப்போ நம்ம பொந்துல யாரு இருக்கா?" என்று மரகதம் சோலையனிடம் கேட்டது.

சோலையன் பறந்தது. அது போய்த் திரும்புவதற்குள் யானை தும்பிக்கையைத் தூக்கிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. சோலையன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. சொர்ணம் உள்ளே இருக்கிறது, ஒரு முட்டையைத் தள்ளி உடைத்துவிட்டது, மற்ற இரண்டும் அதன் காலடியில் கிடக்கின்றன என்று சொன்னது.

சிங்காரம் இறகைக் கோதிக்கொண்டது. "அக்கா கேட்ட சட்டம்தானே? வந்தாச்சே."

மரகதம் யானையிடம் முறையிட்டது. சட்டம் சட்டம்தான் என்றது யானை. மரகதம் கிளிகளைப் பார்த்தது. அவை தங்கள் பொந்துகள் ஞாபகம் வந்து, ஏற்கெனவே அலறியடித்துக்கொண்டு பறந்துபோயிருந்தன. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. குளத்தின் அந்தப் பக்கம், எருமை தினமும் புரளும் சேற்றில், ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மரகதம் அதைப் பார்த்தது. பறந்துபோய், சிங்காரத்துக்கு நேர் எதிரே, எருமையின் கொம்பிலேயே உட்கார்ந்தது.

"ஐயா, சட்டம் இந்தக் காட்டுக்கே பொதுவா, பொந்துக்கு மட்டுமா?"

"ஒரு இடத்துலன்னுதானே சொன்னேன்? எல்லாத்துக்கும் பொதுதான்" என்றது எருமை பெருமையாக.

"அப்போ அந்தச் சேறு இனிமே பன்றிக்குச் சொந்தம். இப்போ அவங்கதான் இருக்காங்க."

எருமை திரும்பிப் பார்த்தது. பன்றிக்குட்டி ஒன்று அதன் சேற்றில் மல்லாந்து புரண்டுகொண்டிருந்தது.

"அதெப்படி? அது என் சேறு! நான் இங்க சபைக்குல்ல வந்திருக்கேன்?"

"நாங்களும் சபைக்குத்தான் வந்தோம், ஐயா" என்றது மரகதம்.

எத்தனை விளக்கியும் எருமைக்குப் புரியாத வீடு, அந்த நொடியில் புரிந்துவிட்டது. சட்டத்தை இப்போதே மாற்ற வேண்டும் என்று அது கத்திய கத்தலில் மான்கள் எழுந்து நின்றன. முதுகிலிருந்து சிங்காரம் காதோடு ஏதோ சொல்ல வந்தது. எருமை வாலால் ஓர் அடி கொடுத்தது. வெளியே போனவர் திரும்பி வரும்வரை இடம் அவருடையதே என்றும், குஞ்சு பறக்கும்வரை யாரும் பொந்தைப் பிடுங்கக் கூடாது என்றும் புதிய சட்டம் வந்தது. பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே சேற்றைவிட்டு ஏறின. யானையே முருங்கை மரத்தடிக்கு வந்து நின்றதும் சொர்ணம் பறந்துபோனது. சோலையன் உள்ளே ஓடி, ஆறிப்போயிருந்த இரண்டு முட்டைகள்மேல் உட்கார்ந்தது.

அடுத்த சபையில், பொந்தில் வாழும் ஏழைகளுக்காகத் தானே யோசித்துக் கொண்டுவந்த சட்டம் இது என்று எருமை நீளமாகப் பேசியது. மான்கள் பாராட்டின. மரகதம் மறுத்துச் சொல்லப் போகவில்லை. பொரிந்திருந்த இரண்டு குஞ்சுகளும் வாயைத் திறந்தபடி இருந்தன. அத்திப்பழம் தேடிப் போக வேண்டியிருந்தது.

தன் இடம் பறிபோகும் என்று தெரியும்வரை சட்டம் செய்பவருக்குப் பிறர் வீட்டின் அருமை புரியாது. ஆகவே வீட்டுக்காகச் சட்டம் கேட்பவர், அதை அவருக்குப் புரியவைக்கும்வரை சபையைவிட்டு நகரக் கூடாது.