ஓடத்தில் நட்ட எல்லைக்கல்

முன்னொரு காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிட இரண்டு பங்கு உப்பாக இருந்த காலத்தில், வங்காரபூபதி என்றொரு ராஜா இருந்தார். அவருக்கு எல்லைக்கல் நடுவதில் அப்படியொரு பைத்தியம். மலை முடியும் இடத்தில் ஒரு கல், காடு தொடங்கும் இடத்தில் ஒரு கல். அரண்மனையில் சமையற்கட்டு முடிந்து சாப்பாட்டுக்கூடம் தொடங்கும் இடத்தில்கூட ஒரு கல். அதில் இடித்துக்கொண்டு பரிசாரகர்கள் கொட்டிய பாயசத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஓர் ஏரியே நிரம்பியிருக்கும்.

ஒரு நாள் சபையில் அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. "நம் ஆறு எங்கே முடிகிறது? கடல் எங்கே ஆரம்பிக்கிறது? அங்கே ஏன் கல் இல்லை?"

துறைமுக அமைச்சர் திருமேனிராயருக்கு வேர்த்தது. ரகசியமாக அவர் ஏற்கெனவே மூன்று கல் நட்டுப் பார்த்திருந்தார். முதல் கல்லைக் கடல் விழுங்கியது. இரண்டாவதை மணல் மூடியது. மூன்றாவதை நட்ட மறுவருஷம் முகத்துவாரமே அரைக் காதம் வடக்கே தள்ளிப் போய்விட்டது. இப்போது அந்தக் கல்லில் யாரோ எருமை கட்டுகிறார்கள். ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். ராஜாவைச் சிரிக்கவைத்தே சபையில் முதல் ஆசனத்தைப் பிடித்துவிட்ட விகடகவி கொன்றையப்பனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அரசே, இது கொன்றையப்பனின் புத்திக்கே தகுந்த பணி. மூன்று நாளில் கல் நடட்டும். கல்லுக்கு மேற்கே நல்ல தண்ணீர் இருக்க வேண்டும், கிழக்கே உப்புத் தண்ணீர். காலையிலும் உச்சிவேளையிலும் நானே குடித்துச் சோதிப்பேன். தவறினால் இவன் தேசத்தைவிட்டே போய்விட வேண்டும்."

'கல்' என்ற சொல் காதில் விழுந்ததுமே ராஜா தலையாட்டிவிட்டார். மீதி வாக்கியம் அதற்குப் பிறகுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சபையில் ஆட்டிய தலையை ஆட்டவில்லை என்று சொல்ல முடியுமா? 'இவன் போய்விட்டால் இந்தச் சபையில் கொட்டாவியைத் தவிர வேறென்ன மிஞ்சும்?' என்ற கவலையில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. முப்பது இட்லியோடு எழுந்துவிட்டார், பாவம்.

நான்காம் நாள் காலை முகத்துவாரத்துக்குப் போனால் கல்லையே காணோம். தோணிகள் ஒதுங்கும் துறையில் ஓர் ஓடம் நின்றது. அதில் ஓடக்காரி நீலாயி, கொன்றையப்பன், நடுவில் ஓர் அண்டா. அண்டா நிறைய ஆற்றுச் சேறு. சேற்றில் ஓர் அம்மிக்குழவி, சந்தனமும் மாலையுமாக நெட்டுக்குத்தலாய் நின்றது.

"என்ன இது?" என்றார் ராஜா.

"எல்லைக்கல், அரசே. நட்டாயிற்று. ஏறுங்கள்."

ராஜாவும் அமைச்சரும் ஏறினார்கள். நீலாயி உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஓடத்தைத் தள்ளினாள். "இங்கதான் சாமி. இன்னும் ரெண்டு கோல் தள்ளினா கரிக்கும்" என்று நங்கூரத்தைப் போட்டாள்.

அமைச்சர் மேற்கே குடித்தார். இளநீர் மாதிரி இருந்தது. கிழக்கே குடித்தார், முகம் எட்டுக் கோணலாகியது. "இருக்கட்டும். கடல் ஓதம் ஏறட்டும், உச்சிவேளையில் பார்ப்போம்" என்றார்.

உச்சிவேளையில் கடல் உள்ளே ஏறியது. இரண்டு பக்கமும் உப்பு. அமைச்சரின் வாய் காதுவரை விரிந்தது. நீலாயியோ நங்கூரத்தைத் தூக்கி, தண்ணீரை நக்கிப் பார்த்துக்கொண்டே ஆற்றுக்குள் கால் காதம் போய் நிறுத்தினாள். "இப்ப இங்க வந்துட்டுது சாமி."

அமைச்சர் குடித்தார். மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே உப்பு. "மோசடி! கல் நகர்ந்துவிட்டது!"

"கோபிக்காதீர்கள் ஐயா. நட்ட சேற்றிலிருந்து கல் ஒரு விரற்கடை அசைந்திருக்கிறதா, பாருங்கள். ஓடியது எல்லை. அதன் கூடவே இருப்பதுதானே எல்லைக்கல்லுக்கு வேலை?" என்றான் கொன்றையப்பன்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. கல் நட்ட இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் காலையில் நின்ற இடத்தில் இல்லை. அப்படியானால் அவர் காலையில் நின்றது எங்கே?

"ஏனம்மா, காலையில் நாம் நின்ற இடம் ஆறா, கடலா?"

"காலையில ரெண்டுக்கும் நடுவுல சாமி. இப்ப அது கடலு. பொழுது சாய ஆறாயிடும்."

"இந்த இடம்?"

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா இதுவும் கடலாயிடும். அந்த ஐயா சட்டுனு குடிச்சு முடிச்சா நல்லது."

அமைச்சர் விடுவாரா? மேற்கே ஒரு குவளை, கிழக்கே ஒரு குவளை என்று குடித்துக்கொண்டே இருந்தார். நாற்பதாவது குவளையில் நாக்கு மரத்துப்போய்விட்டது. "அரசே... இது உப்பா? நல்ல தண்ணீரா? எனக்கு எல்லாமே புளிக்கிறதே!"

ராஜா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்குகள் பறந்துபோய் ஏழு நாள் திரும்பவில்லை. ஓடம் ஆடியது, அண்டா கவிழ்ந்தது, குழவி தண்ணீருக்குள் போய்விட்டது.

"எல்லைக்கல் முழுகிவிட்டது, அரசே!" என்று கத்தினார் அமைச்சர்.

"முழுகட்டும் விடும். காலையிலும் சரியாக இருந்தது, உச்சிவேளையிலும் சரியாக இருந்தது. நீர் கேட்டது அவ்வளவுதானே?"

தம் கங்கணத்தைக் கழற்றி நீலாயியிடம் கொடுத்தார். முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பன் கழுத்தில் போட்டார். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எது ஆறு, எது கடல் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் ஓடம் கரை தட்டும்வரை அந்தக் கையை மட்டும் அவர் விடவே இல்லை.