அரளி தின்ற ஆடு

அரளியைத் தின்ற ஆடு மறுநாள் காலையில் நின்று அசைபோடுமா, நீங்களே சொல்லுங்க?

வேலைக்காரி செவத்தியின் கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்தது ஒரே ஒரு ஆடு. அதன் மேல் முதலாளி ஏகாம்பரத்துக்கு ரொம்ப நாளாகவே கண். ஊரைக் கூட்டிவிட்டார்.

"நேத்து என் அரளிச்செடி பத்தையும் இது மொட்டையா மேய்ஞ்சிருச்சு. ஈடா ஆட்டைக் குடு!"

"அரளி தின்னா ஆடு செத்திருக்குமே, மொதலாளி?"

"விஷங்கிறதெல்லாம் சும்மா கதை, புள்ள. ஆடு மாடு எதையும் அது ஒண்ணும் செய்யாது!"

"அப்படியா!" செவத்தி, செடியில் மிச்சமிருந்த ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு நேராக அவருடைய சீமைப்பசுவிடம் போனாள். பசுவும் ஆசையாக நாக்கை நீட்டியது.

முதலாளி வேட்டி அவிழ ஓடிவந்து குறுக்கே விழுந்தார். ஊரே சிரித்தது.

"ஆட்டை நீயே வச்சுக்க, தாயீ! அந்தக் கொத்தை மட்டும் தூரப் போட்டுரு!"