இடப்பக்கம் சுருளும் அணில்

ஒரு காட்டில் புயல் கிளம்பிக்கொண்டிருந்த பகல் வேளை. காற்றில் வீடு இழந்த அணில் ஒன்று, ஓடி ஓடிக் களைத்து, ஆற்றோர மருதமரத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பழைய மரத்தில் மற்ற அணில்கள் வலப்பக்கமாகச் சுழன்று சுருண்டு படுத்தால், இது மட்டும் இடப்பக்கமாகச் சுழலும். அதனால் அங்கே இதற்கு ‘இடம்புரி’ என்று கேலிப்பெயர். இங்கேயாவது அதை மறைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தது.

“ஐயா, உச்சியில் ஒரு பொந்து கிடைத்தாலும் போதும்” என்று மரங்கொத்தியிடம் கெஞ்சியது. அந்த மரத்துப் பொந்துகளைக் கொத்தியது அதுதான்.

“உச்சிக்கு ஏற உனக்குத் தெம்பு ஏது? இந்த மரத்தில் கீழிருந்துதான் நிரப்புவோம். பொந்துக்கு இரண்டே பேர். ஒரே கிளையில் பல பொந்துகள் இருந்தால், முதலில் ஆளுக்கொன்று. பிறகுதான் ஜோடி.”

அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் இப்படித்தான் குடியேறுகின்றன, குழந்தைகளே! நீங்கள் அதைப் பள்ளியில் முட்டி மோதிப் படிப்பீர்கள். இந்த அணில்களோ பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை.

அடிப்பொந்தில் இருவர், அதற்கு மேல் இருவர். அதற்கும் மேலே ஒரே கிளையில் மூன்று பொந்துகள். அவற்றில் மூன்று அணில்கள் தனித்தனியாக இருந்தன. மூன்றும் வலப்பக்கம் சுருள்பவை. முதல் பொந்துக்காரன் சிடுமூஞ்சி.

மரங்கொத்தி இடம்புரியை அங்கே கூட்டிப்போனது. “சரி, வந்து தொலை!” என்றது சிடுமூஞ்சி.

இடம்புரி உள்ளே போய், பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கமாகச் சுருண்டது.

“ஏய், என் மூக்கில் உன் கால்!”

“ஐயோ, என் வால்! மன்னிச்சுக்கோ அண்ணே!”

“போன மழைக்கு என் தம்பி வந்தான். அவனும் இப்படித்தான் உதைத்தான். வெளியே போ!”

இடம்புரி கிளையில் வந்து விழுந்தது. மழை பிடித்துக்கொண்டது. உச்சிக்கு ஏறக் கால்களில் வலுவில்லை. மரங்கொத்தியை நிமிர்ந்து பார்த்தது.

“ஐயா, பொய்யாகச் சுருண்டேன். நான் இடப்பக்கம் சுழல்பவன். கேலி செய்வீர்கள் என்று மறைத்துவிட்டேன்.”

“அட அசடே!” என்று மரங்கொத்தி சிறகை உதறியது. “அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? கீழே பார்!”

இடம்புரி எட்டிப் பார்த்தது. இரண்டு பொந்துகளிலும் ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். யார் காலும் யார் மூக்கிலும் இல்லை. தன்னைப் போலவும் இருக்கிறார்களே! அதற்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மரங்கொத்தி சொன்னதும் சிடுமூஞ்சி மறுபடி வழிவிட்டது. இந்த முறை இடம்புரி தன் இயல்புப்படி சுருண்டது. பொந்து இருவருக்கும் அளவெடுத்ததுபோல் ஆயிற்று.

“நன்றி, அண்ணே. இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.”

“நன்றியா? நான்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் தனியாக நடுங்கிச் சாவேன். இன்றைக்குத்தான் குளிர் விட்டது. ஆமாம், உன் பேர் என்ன?”

அது சற்றே தயங்கியது. பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: “இடம்புரி.”

நீதி: பிறரைப் போல நடிக்காதே, உன் மாறுபாடே உனக்கான இடத்தைத் தேடித் தரும்.