தோணியின் செங்காவிக் கோடு

ஆற்றுக்குப் பாலம் கட்ட யாருக்கும் தெரியாதிருந்த காலத்தில், நெடுவாய் என்று ஓர் ஆறு இருந்தது. அதன் இரு கரைகளையும் ஆள ஓர் அரசர் இருந்தார். அவர் பெயர் திண்டோள்மாறர். பெயரைக் கேட்டால் நடுக்கம் வரும். ஆளைப் பார்த்தால் வராது. அதனால்தானோ என்னவோ, தொட்டதற்கெல்லாம் ஆணை போடுவார்.

ஆற்றைக் கடக்க இருந்தது ஒரே ஒரு பெருந்தோணி. அதன் வெளிப்பக்கத்தில் செங்காவி பூசிய ஒரு கோடு உண்டு. அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னொரு மழைக்காலத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, தோணி நடு ஆற்றில் கவிழ்ந்தது. இரு கரையிலும் அழாத வீடு இல்லை. அழுது ஓய்ந்தபின் இரு கரை மக்களும் துறையில் கூடிப் போட்ட கோடு அது. கூடவே மூன்று விதிகளும் வைத்தார்கள்.

தண்ணீர் கோட்டைத் தொட்டால், கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும், அவர் யாராக இருந்தாலும் சரி. இரு கரை மக்களும் கை தூக்கிச் சம்மதிக்காமல் கோட்டை யாரும் மாற்றக் கூடாது. மாற்ற விரும்புகிறவர், சம்மதம் கேட்கும் முன்பு, புதுக் கோட்டளவு பாரத்தோடு தானே தோணியில் போய்க் காட்ட வேண்டும்.

அன்று திண்டோள்மாறரின் பாட்டனாரும் சேற்றில் நின்று எல்லோரோடும் சேர்ந்து கை தூக்கினார். அவரும் அரசர்தான். அவர் மகுடத்துக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

தோணி ஓட்டுகிறவரையும் ஆண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். நம் கதை நடந்த ஆண்டில் அந்தப் பொறுப்பு சடைச்சி என்பவளிடம் இருந்தது. அவள் மகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போவாள், அதே தோணியில்.

அரசருக்கு அக்கரையில் ஏழு அடுக்கு மாளிகை கட்ட ஆசை வந்தது. கல் எல்லாம் இக்கரையில் கிடந்தது. வெள்ளம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. மக்களை ஏற்றினால் கல்லுக்கு இடமில்லை; கல்லை ஏற்றினால் மக்களுக்கு இடமில்லை. இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் கோடு தண்ணீருக்குள் போய்விடும்.

"அவ்வளவுதானே? கோட்டை ஒரு சாண் மேலே ஏற்று," என்றார் அரசர்.

முதலில் அமைச்சர் பட்டுச் சேலையோடு வந்தார். "சடைச்சி, உன்னை அரண்மனைத் தோணிக்குத் தலைவியாக்குகிறோம். கோட்டை மட்டும் மாற்றிவிடு."

"கோடு என்னுது இல்லீங்க, நான் எப்படி மாத்துறது?" என்றாள் சடைச்சி.

பிறகு படைத்தலைவர் வாளோடு வந்தார். "மறுத்தால் தலை தப்பாது!"

"தலை என்னுதுதான், வேணும்னா எடுத்துக்குங்க. கோடு என்னுது இல்ல."

மூன்றாவதாக, ஒரு சந்தை நாளில், அரசரே துறைக்கு வந்தார். இரு கரை மக்களும் அங்கே நிறைந்திருந்தார்கள். சடைச்சியின் மகளும் குழந்தையோடு தோணியில் உட்கார்ந்திருந்தாள். காவலர்கள் பழைய கோட்டைச் சுரண்டி எறிந்தார்கள். ஒரு சாண் மேலே புதுக் கோடு போட்டார்கள். போட்ட கையோடு கல்லை ஏற்றத் தொடங்கினார்கள்.

சடைச்சி ஏறுகிற கல்லைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள். அரசரை எதிர்த்தால் தன் ஒரு தலை போகும். எதிர்க்காவிட்டால் எத்தனை போகும்? அவள் தோணி தள்ளும் கழியைக் கரையில் ஓங்கி ஊன்றினாள்.

"எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினாள். "கோட்டை மாத்தச் சொன்னவங்க முதல்ல போய்க் காட்டட்டும். அதுதான் நம்ம விதி. ராசா ஏறுங்க!"

"அரசருக்கு விதியா?" என்று அமைச்சர் சீறினார்.

"சரி, அப்ப நீங்க ஏறுங்க," என்றாள். அமைச்சர் சட்டென்று அரசருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மகள்தான் முதலில் இறங்கினாள். பின்னால் ஒருவர், பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும். "ராசா ஏறாத தோணியில நாங்களும் ஏற மாட்டோம்!" என்று துறையே முழங்கியது. அரசர் காவலர்களைப் பார்த்தார். அவர்கள் வேல்களைத் தூக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தோணியில்தானே போய் வருகிறார்கள்!

ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, பின்வாங்கினால் மானம் போகும். மக்கள் இறங்கிய இடமும் கல்லால் நிறைந்ததும், அரசர் மீசையை நீவிக்கொண்டு கற்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் புதுக் கோட்டைத் தொட்டது. சடைச்சி கழியை ஊன்றித் தள்ளினாள். துறையை விட்டு இரண்டு மூங்கில் தூரம்தான் போயிருப்பார்கள். ஓர் அலை எழும்பி, விளிம்பைத் தாண்டி, அரசரின் மடியில் வந்து விழுந்தது.

"ஐயோ! திருப்பு! திருப்பு!"

"இந்தப் பாரத்தோட திருப்பினா கவிழ்ந்துரும் ராசா. கடைசியா ஏறினவர் இறங்கணும்."

"கடைசியாக ஏறியது யார்?"

சடைச்சி கழியை ஊன்றித் தோணியை அசையாமல் பிடித்தாள். அரசரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நல்லவேளை, அங்கே இடுப்பளவு தண்ணீர்தான். பட்டு வேட்டி நனைய, மகுடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திண்டோள்மாறர் சேற்றில் மிதித்து மிதித்துக் கரையேறினார். பாரம் குறைந்த தோணி மெல்லத் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அரசருக்கு மூச்சு வாங்கியது. பிறகு பெரிய மனது பண்ணி, "பழைய கோடே இருக்கட்டும். இது என் ஆணை," என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். சடைச்சி விடவில்லை.

"இல்ல ராசா. ஏத்தவும் உங்க ஆணை செல்லாது, இறக்கவும் உங்க ஆணை செல்லாது. இன்னைக்கு உங்க தயவுல திரும்பி வந்த கோடு, நாளைக்கு உங்க கோபத்துல மறுபடி போயிரும். நாங்க கேட்டு வாங்க வரல, இது எங்க கோடு." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பழைய கோடு வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

இரு கரை மக்களும் கை தூக்கினார்கள். கல் சுமந்தவர்கள் தூக்கினார்கள். காவலர்கள் தூக்கினார்கள். சேற்றில் ஒரே ஒருவர் மட்டும் கை தூக்காமல் நின்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில், பாட்டனார் நின்ற அதே சேற்றில், ஈரம் சொட்டச் சொட்ட அரசரின் கையும் மேலே எழுந்தது. சடைச்சி மற்றக் கைகளோடு அதையும் ஒரு கையாகவே எண்ணிக்கொண்டாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எல்லோரும் கூடிப் போட்ட கோட்டை ஒருவர் தனியாக அழிக்கவும் முடியாது, பிச்சையாகத் திருப்பித் தரவும் முடியாது, அந்த ஒருவர் அரசராகவே இருந்தாலும்.