சிட்டம்மை அவிழ்க்காத முடிச்சு

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க, இது கூவிச் சொல்கிற கதை இல்லை.

ஒரு காலத்தில் பூவாற்றூர்ச் சீமையைச் செங்கோடன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான், சாயங்காலம் அதைப் பிடுங்கிக் கழுதை மேய்க்கிறவனுக்குக் கொடுப்பான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சொந்தத் தம்பியோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அவனுடைய நியாயசாலையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள் சிட்டம்மை, உப்பு விற்கிறவள் மகள். அங்கே ஒரு வழக்கம். சமரசம் பேசப் போன இடத்தில் யாராவது மனசைத் திறந்து சொன்னால், அவர் கண்ணெதிரிலேயே முந்தானையிலோ துண்டிலோ ஒரு முடிச்சுப் போடணும். சொன்னவர்தான் அதை அவிழ்க்கலாம்; அதுவரை அந்தப் பேச்சு வெளியே போகக்கூடாது.

அவளுக்கு வந்த முதல் வழக்கு, ஒச்சன், சடையன் என்று அண்ணன் தம்பி. பாகம் பிரித்தபோது ஜோடி மாட்டை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒற்றை மாட்டை வைத்து எவன் உழுவான்? ரெண்டு வயலும் தரிசாகக் கிடந்தன. சபையில் ரெண்டு பேரும், "அவன் மாடும் எனக்குத்தான்" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சிட்டம்மை தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். ரெண்டு முடிச்சோடு சபைக்கு வந்தாள்.

மந்திரி கொடுமுடியாருக்கு வயிறு எரிந்தது. அதுவரை சமரசமெல்லாம் அவர் கையில்.

"மகாராஜா, ராஜாவுக்குத் தெரியாத ரகசியம் ஒரு உப்புக்காரி மகள் முந்தானையில் இருக்கலாமா?"

ராஜாவுக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. "அவிழ்த்துச் சொல், பெண்ணே. இல்லையென்றால் இன்றோடு ஏட்டைக் கட்டிவிட்டு உப்பு விற்கப் போ."

சிட்டம்மை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா தலைச்சுமையை இறக்கி வைக்கிற நாள் இந்தப் படிப்பில்தான் இருந்தது.

"முடிச்சு என்னுடையது இல்லை மகாராஜா, நான் தொடமாட்டேன். ரெண்டு மாட்டையும் வாசலில் கொண்டுவந்து அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், போதும்."

"மாடு வந்து சாட்சி சொல்லுமாக்கும்" என்று மந்திரி சிரித்தார்.

மாடுகள் வந்தன. கயிறு விழுந்ததும் ஒன்றையொன்று தேடிப் போய், வலத்து மாடு வலத்திலும் இடத்து மாடு இடத்திலுமாக நின்று, இல்லாத நுகத்தடிக்குக் கழுத்தைக் குனிந்து கொடுத்தன.

ஒச்சனுக்குத் தாங்கவில்லை. "டேய் சடையா, பிரிச்ச நாளிலிருந்து இது சரியா தண்ணி குடிக்கலைடா. அவனே ரெண்டையும் வச்சுக்கட்டும்னு அன்னைக்கே இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். முதல்ல நான் எப்படி இறங்கி வந்து உன்கிட்ட சொல்றதுன்னுதான்..."

"நானும் அதையேதாண்ணே சொன்னேன்."

சிட்டம்மை முந்தானையை நீட்டினாள். ஆளுக்கொரு முடிச்சை அவர்களே அவிழ்த்தார்கள். மாடு ரெண்டும் இனி ஒரே கொட்டகையில் என்று பேச்சாயிற்று.

ராஜா மந்திரியைப் பார்த்தான். "நீர் ஒரு முடிச்சும் போட்டதில்லை, கொடுமுடியாரே. என் தம்பியைப் பற்றி ஒருநாள் உம்மிடம் நான் புலம்பியது மறுநாளே அக்கரைக்குப் போய்விட்டது. இனி சமரசமெல்லாம் இவள் பார்ப்பாள். நீர் அந்த மாடுகளை வீடுவரை ஓட்டிக்கொடுத்துவிட்டு வாரும்."

மந்திரி தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு போனார்.

சபை கலைந்தது. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, குனிந்து, சிட்டம்மையின் காதில் ஏதோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். நடுவில் ஒருதரம் அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சிட்டம்மை முந்தானையை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.