சேலை கட்டுன இருபது மரம்

அம்மா கையெல்லாம் சாம்பல், உம்மேல படாம அந்தப் பக்கமாப் படு. இந்தப் பப்பாளி விதையச் சாம்பல் போட்டுத் தேய்ச்சாத்தான் அந்த வழுவழுத் தோலு போகும். தோலோட போட்டா மண்ணுக்குள்ளயே கெடக்கும், லேசுல மொளைக்காது. தேய்ச்சுக்கிட்டே கதை சொல்றேன். நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு மீசைக்காரரு இருந்தாரு, பேரு சடையாண்டி. தெனமும் மீசைக்கு வெளக்கெண்ணெய் தடவுவாரு. பொண்டாட்டி தலைக்கு எண்ணெய் இருக்கான்னு மட்டும் கேக்க மாட்டாரு. பொண்டாட்டி பேரு வெள்ளத்தாயி. வரிசையா மூணு பொம்பளப்புள்ளைங்க, நாலாவது வயித்துல, மூணு மாசம்.

"இது பையன்தான். இதுவும் பொட்டையாப் பொறந்துச்சு, இவளை அவ ஆத்தா வீட்டுலயே விட்டுட்டு வந்துருவேன்" அப்படின்னு டீக்கடையில உக்காந்து சொன்னாரு. டீக்கடையில சொன்னா வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம், தன்னால வந்துரும். வெள்ளத்தாயிக்கு அன்னைக்கிலருந்து சோறு எறங்கல. ம் எங்க?

ம். சரி.

அந்த வருசம் கிணத்துமேட்டுல, ரோட்டோரமா, இருபது குழி வெட்டிப் பப்பாளி போட்டிருந்தாரு. குழிக்கு மூணு கன்னு. எதுக்கு மூணுன்னா, பூ வர்ற வரைக்கும் எது ஆணு எது பொண்ணுன்னு தெரியாது. பூ வந்ததும் ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததைப் புடுங்கிரணும். அப்புறம் பூவும் வந்துச்சு. சில கன்னுல சரஞ்சரமா, கல்யாண மாலை மாதிரி தொங்குச்சு. சில கன்னுல காம்பே தெரியாம தண்டோட ஒட்டி ஒண்ணொண்ணா உக்காந்திருந்துச்சு.

வெள்ளத்தாயி சொன்னா, "என்னங்க, சரமாத் தொங்குறது ஆண் மரம். அது காய்க்காதுங்க. பூத்தூளுக்குப் பத்து மரத்துக்கு ஒண்ணு இருந்தாப் போதும். ஒட்டிக்கிட்டு இருக்கிறதை வைங்க."

"ஆம்பள மரத்தப் புடுங்கவா? என் காட்டுலயா?"

அப்புறமென்ன. சரக், சரக், சரக்குன்னு பெண் கன்னு பூராவும் புடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சாரு. குழிக்கு ஒரு ஆம்பள, நின்னுச்சு இருபது ஆம்பள. கையத் தட்டிக்கிட்டு, "பாரு, எப்படி நிக்கிறானுக" அப்படின்னாரு.

வெள்ளத்தாயி வேலிக்கு அந்தப் பக்கம் போனா. வேர்ல மண்ணு ஒட்டுன கன்னாப் பாத்து ஏழெட்டுப் பொறுக்கி, பெரிய எலையெல்லாம் கிள்ளிட்டு, பாத்திரம் வெளக்குற கல்லுப் பக்கத்துல தண்ணி நிக்காத மேட்டுல நட்டா. பப்பாளிய எடம் மாத்துனா பொழைக்கிறது கஷ்டம். எல்லாம் தலை தொங்கிப் போச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒரு துளிர் விட்டுச்சு.

அஞ்சாறு மாசத்துல ஊர்ல அம்மன் கொடை, அதான் கோயில் திருவிழா, வருது. எல்லாக் காட்டுலருந்தும் மொதக் காய் கோயிலுக்குப் போகணும். "இந்த வருசம் மொதத் தட்டு என் பப்பாளிதான்" அப்படின்னு சடையாண்டி மீசைய முறுக்குனாரு. ஆனா மரம் பூக்கும், பொலபொலன்னு கொட்டும். பூக்கும், கொட்டும். ஒரு பிஞ்சு இல்ல.

டீக்கடை வைரவன் யோசனை சொன்னாரு, "மாப்ள, மரத்துக்கு ரோசம் வரணும். வெளக்கமாத்தையும் பழஞ்செருப்பையும் கட்டித் தொங்கவிடு." கட்டுனாரு. மரத்துக்கு ரோசம் வரல, நாய் வந்து செருப்பத் தூக்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம், "பயமுறுத்தணும் மாப்ள, ஆணி அடி" அப்படின்னாரு. டங், டங், டங். மரத்துலருந்து பாலு வடிஞ்சு இவரு கைதான் அரிச்சுச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு மீசை முறுக்க நேரமில்ல.

மூணாவது தடவை வைரவன் சிரிக்காம சொன்னாரு, "இனி ஒரே வழிதான். சேலை கட்டு. கட்டுனா மரம் பொம்பளையா மாறிக் காய்க்கும்."

கேட்டியா? பொம்பளைன்னு புடுங்கி எறிஞ்ச மனுசன், பொம்பளையா மாறு மாறுன்னு சேலை கட்டணும். வேற வழி? வீட்டுக்கு வந்து தலையச் சொறிஞ்சாரு. "ஏய், சேலை இருந்தா எடு."

வெள்ளத்தாயி பெட்டியத் தொறந்து அடுக்கிக் குடுத்தா. "ஒண்ணு மட்டும் வச்சுக்கிறேங்க. ஆத்தா வீட்டுக்குப் போறப்ப கட்டிக்கிட்டுப் போகணும்ல."

பத்தாததுக்குத் தெருவெல்லாம் எரவல் வாங்கி, கொசுவம் வச்சு, முந்தி போட்டுக் கட்டிவிட்டாரு. மறுநா விடியக்கால மங்கல்ல டவுன் பஸ்ஸு வந்துச்சு. ரோட்டோரத்துல இருபது பொம்பளைங்க வரிசையா நிக்குது. டர்ர்ருன்னு நிறுத்தி, கண்டக்டர் எறங்கி, "சீக்கிரம் ஏறுங்கம்மா" அப்படின்னாரு. என்ன சிரிப்பு? ம் கொட்டு.

இங்க கல்லுப் பக்கத்து மரம் என்ன செஞ்சுச்சு? சும்மா நின்னுச்சு. கிணத்துமேட்டுல இருபது மாப்பிள்ளை, இங்க ஒரே ஒரு பொண்ணு. காத்து பூத்தூளக் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்துச்சு. கழுத்து வரைக்கும் காய். வயித்துப்புள்ளைக்காரி பப்பாளி திங்கக்கூடாதும்பாங்கல்ல, அதனால வெள்ளத்தாயி ஒரு துண்டு வாயில வைக்கல. பாத்துக்கிட்டுதான் இருந்தா. அவளுக்கு ஒம்பது மாசம்.

கொடை அன்னைக்கு விடியறதுக்குள்ள சடையாண்டி அந்த மரத்துலருந்து ஆறு காயை அறுத்தாரு. கொண்டுபோயி, சேலை கட்டுன மரத்துல வாழைநார் வச்சுக் கட்டித் தொங்கவிட்டாரு. வெள்ளத்தாயி பாத்தா.

அப்புறம் கொட்டோட ஊரே வந்துச்சு. டண்டணக்கு டண்டணக்கு. பூசாரி காயத் தொட்டுப் பாத்தாரு. "ஏப்பா சடையாண்டி, காம்பு எங்க? இங்க முடிச்சால்ல இருக்கு." கொட்டுக்காரரு வேணும்னே ஒரு அடி சேத்து அடிச்சாரு. அந்த அதிர்வுல நார் அவுந்து காயெல்லாம் விழுந்துச்சு, தொப். தொப். தொப்.

"இது எந்த மரத்துக் காய்?"

வெள்ளத்தாயி வயித்தத் தாங்கிக்கிட்டு மெதுவா முன்னால வந்தா. "அவரு புடுங்கி எறிஞ்ச பொட்டக் கன்னு காய்ச்சதுங்க சாமி."

மொதத் தட்டு அந்தக் காய்தான் போச்சு, வெள்ளத்தாயி பேரச் சொல்லி.

அப்புறம் பத்து நாள்ல புள்ள பொறந்துச்சு. என்ன புள்ள? ஆமா, பொண்ணுதான்.

ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கு வெள்ளத்தாயி அந்த ஒத்தச் சேலையக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. கையில பச்சப்புள்ள, இடுப்புல அந்த மரத்து விதை முடிஞ்ச துணி. "வண்டி சொல்லுங்க, ஆத்தா வீட்டுக்குப் போறேன். நாலு புள்ளைகளும் விதையும் எங்கூட வரட்டும். உங்களுக்கென்ன, இருபது ஆம்பள இருக்கானுக."

சடையாண்டி கிணத்துமேட்டப் பாத்தாரு. சேலை படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அவ இடுப்புலருந்த முடிச்ச வாங்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனாரு. எதுக்குன்னு நெனைக்கிற? சாம்பல் அள்ள.

மறுநா அவரே சேலை பூராவும் அவுத்து, தொவைச்சு, மடிச்சு, வீடு வீடாக் கொண்டுபோயிக் குடுத்தாரு. ஒவ்வொரு வாசல்லயும் நிக்க வச்சு, "மரம் காய்ச்சுச்சாண்ணே" அப்படின்னு கேட்டாங்க. பதினெட்டு மரத்த வெட்டிட்டு ரெண்டை மட்டும் விட்டு வச்சாரு. வெள்ளத்தாயி எங்கயும் போகல.

கதை பழுத்துக் கீழ விழுந்தாச்சு, கண்ண மூடு. காலையில நீயும் நானும் குழிக்கு மூணு விதையாப் போட்டு, பூ வந்ததும்... ஐயோ, தங்கச்சி முழிச்சு அழுகுறா. இந்தா வந்துட்டேன் அத்தே, தொட்டில ஆட்டிவிடுங்க, கையக் கழுவிட்டு வந்து நான் தூக்கிக்கிறேன்.